ஏழு பை ரெண்டு

அதைப் பாலம் என்று யாரும் சொல்வதில்லை.
அளவுப் புத்தகத்தில் ஏழு பை ரெண்டு.
ஏழாவது கிலோமீட்டரில் இரண்டாவது.
மணலியைத் தாண்டி, பஞ்சர் கடை வளைவில்
மண்ணுக்குள் இரண்டு ஹியூம் குழாய்கள்.
மேலே ராவும் பகலும் கன்டெய்னர்.
கீழே, எண்ணூர்க் கழிமுகத்துக்கு
இறங்கிப் போகிற ஒரு கறுத்த ஓடை.

நான் டேப்போடு இறங்கிய அன்று
தேசம்மா மார்பளவு நீரில் குந்தி
இறால் துழாவிக்கொண்டிருந்தாள்,
பறியின் கயிறு பல்லில்.
பேச வேண்டுமென்றால் பறியை எடுக்க வேண்டும்.
இரண்டு நாள் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் எடுத்தாள்.
"ரோட்டயே அளந்துக்கினு கீறியே,
இத்த அளந்தியா?"
குழாயின் வாயைக் காட்டினாள்.
அங்கிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.
விழுகிற உயரம் அவள் கையில் ஒரு முழம்,
என் டேப்பில் நானூற்று இருபது மில்லி.
"மடவக் குஞ்சு ஓதத்தோட ஏறி வந்து
இங்கியே முட்டிக்கினு நிக்குது.
முட்டி முட்டி மூஞ்சி வெள்ளையாப் பூட்ச்சி, பாரு."
பார்த்தேன்.
சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத நூறு மூஞ்சிகள்.
பறி மறுபடி பல்லுக்குப் போனது.

விலை அட்டவணையில் தேடினேன்.
மண் வெட்ட உண்டு, மண் கொட்ட உண்டு,
கம்பி வளைக்க, சாரம் கட்ட, நீர் இறைக்க உண்டு.
காரணம் என்ற கட்டத்தில் 'மீன் ஏற' என்று எழுதி
அடித்துவிட்டு
'வெள்ள நீர் வடிய' என்று எழுதினேன்.
கோப்பு போனது.
போன இடத்தில் தூங்கியது.

ஆடி மாதம் ஒரு டிரெய்லரின் பின்சக்கரம்
இடது குழாயை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது.
நாற்பதடிப் பெட்டி சாய்ந்து நிற்க
துறைமுக வாசல் வரை வண்டிகள் நின்றன.
நான்கே நாளில் கையெழுத்து.
இத்தனை வருடம் மீன்கள் முட்டிய இடத்தில்
டயர் ஒரே ஒருமுறைதான் முட்டியது.

தோண்டினோம். முதலில் சாம்பல்,
அனல்மின் நிலையத்து மாவு, முழங்கால் வரை.
அதற்கும் கீழே மட்டிச் சிப்பிகள்,
கழுவினால் இன்னும் உள்பக்கம் பளபளப்பு.
கம்பி கட்டுகிற ஒடிசாப் பையன் பிரதீப்த
ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

குழாய்க்குப் பதில் பெட்டி. நான்கு மீட்டர் வாய்.
தளம், ஓடையின் படுகைக்கு ஓரடி கீழே.
ஒப்பந்தக்காரர் யேசுபாதத்துக்கு மனமில்லை:
"மேடம், போட்ட காங்கிரீட்டைப் புதைக்கிறீங்களே,
பார்க்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"
தெரியக்கூடாது என்றேன்.
சேறு தானாக வந்து படியட்டும்.
பாலத்துக்குள் நுழைந்தது
ஓடைக்கே தெரியக்கூடாது.

அமாவாசை ஓதம் இரவு பத்து மணிக்கு ஏறியது.
டார்ச்சோடு நின்றேன்.
முதலில் ஒரு பால் கவர் மேற்கே போனது.
பிறகு தெர்மாகோல், நுரை, ஒற்றைச் செருப்பு.
பிறகு எதுவும் இல்லாமல்
தண்ணீரின் தோல் மட்டும்
ஓர் இடத்தில் சிலிர்த்தது, இன்னோர் இடத்தில் சிலிர்த்தது,
பெட்டிக்குள் போனது.
மேலே லாரி ஒன்று கியர் மாற்றியது.
ரோட்டின் மறுபக்கம் ஓடிப்போய்க் குனிந்தேன்.
இருட்டு. ஆனால் சிலிர்ப்பு எனக்கு முன்னால் போயிருந்தது.

தேசம்மா நன்றியெல்லாம் சொல்லவில்லை.
"மின்ன இங்கியே குமிஞ்சி நிக்கும்,
குந்துன எடத்துல அள்ளுவேன்.
இப்ப அதுங்க பின்னால
அந்தாண்ட வரிக்கும் நான் போவணும்.
உன்னால எனக்கு நடை ஜாஸ்தி."
சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்தாள்,
மேற்குக் கரையில் இறங்கினாள், பறியோடு.

கடைசி பில்லுக்குப் படம் வேண்டும்:
பணிக்கு முன், பணிக்குப் பின்.
பின் என்ற கட்டத்தில் ஒட்டியதில்
இரு கரைக்கும் நடுவே ஓடை மட்டும் இருந்தது.
செயற்பொறியாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இதில் வேலை எங்கேம்மா, என்றார்.