பின்வலது

செக்காலை ரோட்டில், டைல்ஸ் கடைக்கு மேலே என் அறை.
டிஸ்க்கைத் திறந்து படத்தைக் கழற்றிவிட்டு
ஒலியை மட்டும் எடுத்துக் கொடுப்பேன்.
என்ன தொழில் என்று கேட்பவர்களிடம்
சாத்துக்குடி பிழிவது மாதிரி என்பேன்.
சரியான உவமை இல்லை.

உமையாள் கொண்டுவந்தது
அவருடைய அப்பச்சியின் சாந்திக் கல்யாண டிவிடி.
பள்ளத்தூர் வீடு, பட்டாலையில் நாகஸ்வரம்,
ஆறு மைக் வைத்துப் பிடித்திருந்தான் ஒரு கெட்டிக்காரன்.
"வாசிப்பு மட்டும் போதும். ஏழு சிடி. பங்காளிகளுக்கு."
முன்பணம் கொடுத்து ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரையில் ஆறு தடமும் ஆறு கோடாக விரிந்தன.
முன்னால் இரண்டிலும் தவில்.
நடுவில் நாகஸ்வரம், அவர் மூச்சு இழுப்பதுகூட.
பின்னிடது: வளவுக்குள் போய்த் திரும்பிய கல்யாணி,
கொஞ்சம் ஈரத்தோடு.
அடித்தொனிக்கென்றே இருக்கும் தடத்தில்
எழுபது நிமிடமும் ஜெனரேட்டர்.
எடுத்து எறிந்தேன்.

பின்வலது,
இரண்டாம் கட்டு வாசல் தூணில் கட்டிய மைக்.
எவர்சில்வர் வாளி. யாரோ குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுகிறார்கள்.
முப்பத்தோராம் நிமிடம், தனியாவர்த்தனத்துக்குச் சற்று முன்,
தணிந்த ஆண்குரல்:
"உமையா மேல்வீடு கேக்காது.
வேணாம்னுருச்சுன்னு எழுதிக்க."
"கேட்டீகளா?"
"கேக்கணுமாக்கும்."

மூன்றாம் முறை ஓட்டியபோது டீ ஆறியிருந்தது.

ஆறை இரண்டாக்கும்போது
பின்பக்கத்தை மூன்று டெசிபல் தாழ்த்திச் சேர்ப்பது வழக்கம்.
தாழ்த்தினால் தவிலுக்கடியில் அந்தக் குரல் புதைந்துவிடும்.
வழக்கப்படி செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.
போன் செய்தேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டார்.
கணக்கு டீச்சர்; முந்தானையில் சாக்பீஸ் தடம்.
கழற்றும்போது முடியில் சிக்கிய வயரை
இழுக்காமல் எடுத்தார்.
"இதை முன்னால கொண்டாற முடியுமா?"

முடியும்.
வெட்டி, நடுத்தடத்தில் ஒட்டி,
அந்தப் பதினொரு நொடிக்கு நாகஸ்வரத்தை இறக்கினேன்.
வாசித்தவரை நினைத்துத்தான் எனக்குக் கூச்சம்.

"பெரியண்ணனுக்கு மட்டும் ஆறும் ஆறாவே இருக்கட்டும்.
அதே பட்டாலையில ஆறு பெட்டி மாட்டி வச்சிருக்காக."
எறிந்த ஜெனரேட்டரையும் தேடியெடுத்து வைத்தேன்.
அவர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால்
அதே தூண் பக்கமிருந்து வரும்,
அவருடைய குரல்,
அவருடைய வலது தோளுக்குப் பின்னால்.

அந்த ஒரு டிஸ்க்கைச் சாதாரணப் பெட்டியில் போட்டால்
தகரக் கூரையில் மழை, வேறொன்றும் கேட்காது.
மார்க்கரில் எழுதினேன்: டிகோடர் உள்ள பெட்டியில் மட்டும்.
மற்ற ஆறிலும் ராகத்தின் பெயரும் தேதியும்.
தேதியை அவரே சொன்னார், நாள் நட்சத்திரத்தோடு.

ஐந்தாவது எழுதும்போது கரண்ட் போனது.
பத்தொன்பதாம் நிமிடத்தோடு நின்றுவிட்டது.
புதிதாக ஒன்று போட்டுக் கணக்கை முடித்தேன்.
கெட்டதை நூல் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன், புறாக்களை விரட்ட.
நாலு மணி வெயிலில்
எதிர்ச் சுவரில் ஒரு வட்டம் போய்ப் போய் வருகிறது.
பத்தொன்பது நிமிடக் கல்யாணி.
அதில் இன்னும் யாரும் எதுவும் பேசவில்லை.