பதினொரு நிமிசம்

திங்கள் விடிய மூன்றரைக்குக் கரண்ட் போய்
வந்து,
திரும்பவும் போய் வந்ததில்
ஐஸ் பக்டரியின் கொம்பியூட்டர்
நீலமாய் முழித்துக்கொண்டு நின்றது.

நிஸ்தார் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வந்தான்.
மூடியைக் கழற்றி
சுவிங்கம் அளவில் ஒன்றை எடுத்து
உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.
"பழைய டிஸ்க் எண்டா மவுத்தாக முந்திக் கடகடக்கும், அக்கா.
எஸ்எஸ்டி சத்தம் போடாது."

சூடேறினால் மறந்துவிடுகிறது.
குளிர வைத்துக் கொழுவினால்
பதினொரு நிமிசம் தன்னை ஞாபகம் வைத்திருக்கிறது,
பிறகு திரையிலிருந்து
சொல்லாமல் எழும்பிப் போகிறது.

குளிருக்கு எங்களிடம் பஞ்சமா?
இரண்டு பொலித்தீன் பை, ஒரு துவாய்.
பார் ஐஸின் மேல் கிடத்தினோம்
நல்ல பாரை மீனுக்குக் கொடுக்கும் மரியாதையோடு.

முதல் பதினொரு நிமிசத்தில் சம்பளக் கணக்கு.
அடுத்ததில் ஈபிஎஃப்.
மூன்றாவதில் அமோனியா வாங்கின பில்
எழுபது வீதத்தில் நின்றது.
கடன் ஃபைலைத் தொட்டால் மட்டும்
இரண்டாம் நிமிசமே மயங்கி விழும்.

ஐந்து வருசம், அறுபத்திரண்டு வள்ளம்,
ஆர் எத்தனை பார் எடுத்தது, எவ்வளவு பாக்கி.
கொப்பியில் எழுதுவதை நிறுத்தச் சொன்னது நான்தான்.
முதலாளிக்கு அதை இன்னும் ஞாபகப்படுத்தவில்லை.

பத்து மணிக்குள் திருக்கடலூர் முழுக்கத் தெரிந்துவிட்டது.
பாதிச் சம்மாட்டிமாருக்கு அன்றைக்கு
ஐஸ் தேவைப்படவில்லை.
றொக்சன் மட்டும் வாசலில் நின்று கேட்டான்:
"செத்தவீட்டுக்கு வந்திருக்கிறன்,
பெட்டியில வைச்சாச்சா?"

மத்தியானம் கொட்பேயிலிருந்து பத்மசிறி.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்,
"நங்கி, எழுதுங்க. நாங் குடுக்கிறது நாப்பத்தொராயிரம்."
எழுதப் பேப்பர் இல்லை.
காட்போட் மட்டையைக் கிழித்து எழுதினேன்.
அவர் குனிந்து பார்த்து
சைபரை ஒருதரம் எண்ணிவிட்டுப் போனார்.

பிறகு எமில்டா.
போன மாரியில் வள்ளத்தோடு போனவரின் மனுசி.
"எவ்வளவு எடுத்தவர் எண்டு தெரியாது, பிள்ளை.
எடுத்தவர் எண்டு மட்டும் தெரியும்."
இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

பின்னேரம் ஆறேகால்,
பதினான்காவது தடவை,
கடன் ஃபைல் திறந்தது.
கொப்பி பண்ண விடவில்லை, பார்க்க மட்டும் விட்டது.
நான் வாசிக்க நிஸ்தார் எழுதினான்,
மட்டையில், ஓரத்தில், பிறகு தன் கையில்.
பத்மசிறி: முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
சொன்னதைவிடக் குறைய.
றொக்சன்: ஒரு லட்சத்துச் சொச்சம்.
சிரித்த சிரிப்புக்குக் கணக்குச் சரி.

எமில்டாவின் மனுசன் பெயருக்கு நேரே
ஒரு தொகை இருந்தது.
நான் வாசிக்கவில்லை.
நிஸ்தார் பேனையை மூடிவிட்டு
விழாத ஸ்குரூட்ரைவரைத் தேடி
மேசைக்குக் கீழே குனிந்தான்.
இன்னும் இரண்டு நிமிசம் மிச்சமிருந்தது.
அவ்வளவும் அந்தத் தொகை
என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

பிறகு திரை வெறுமை.

"இன்னொருக்கா ஐஸில வைப்பமா?"
வேண்டாம் என்றேன்.
துவாயைப் பிழிந்து காயப் போட்டேன்.
நிஸ்தாரின் கூலி இரண்டாயிரம்.
காசாகவே கொடுத்தேன்.