நாற்பதுக்கு மூன்று

தார்த்து நகரம். பிப்ரவரி.
பனி ஒட்டிய காலணியோடு உட்கார்ந்து
நாற்பது ஜோடி வாக்கியங்களில்
கூச்சமானதையே குறியிட்டு வந்தார்
பஸ் ஓட்டுநர் ஊர்மஸ்.

'என் கதை கேட்க ஊரே கூடும்' – அடித்துவிட்டார்.
'பிறர் பேசட்டும், நான் கேட்கிறேன்' – ஆம்.

மாரிக்கா கூட்டிப் பார்த்தாள்:
மூன்று.

கதவருகே நின்று
தொப்பியைக் கசக்கினார்.
"இதைவிடக் குறைவாய்
யாராவது வாங்கியிருக்கிறார்களா?"

சொல்லக் கூடாதென்பது விதி.
"இல்லை" என்றாள்.

உறைந்த ஆற்றோரம்
கைவீசிப் போனார் மனிதர்,
காது மூட மறந்து.

அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் குறிக்கப் போனவள்
கண்டாள்:
சாட்சி என்ற இடத்தில்
தன் கையெழுத்து
கோடு தாண்டி
அவர் பெயர்மேல் ஏறி நிற்பதை.