ஞாயிற்றுக்கிழமைத் தீனி

புவோனா விஸ்தாவில் இறங்கி
பையில் கட்டிய கோப்பி-ஓவோடு
ஆறாம் மாடிக்குப் போவேன்.
அங்கே முப்பத்தேழு டிகிரிச் சூட்டில்
ஒரு குரங்கின் சிறுநீரகம்.

குரங்கு செத்து அறுபது வருஷத்துக்கு மேல்.
சிறுநீரகத்திடம் யாரும் சொல்லவில்லை.
குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு
இளஞ்சிவப்பு நீரைக் குடிக்கிறது, பெருகுகிறது.
நீர் மஞ்சளானால் பசி.

பக்கத்து உறைபெட்டியில், மைனஸ் எண்பதில்,
யாரோ ஒருவருடைய காய்ச்சல்.
தெம்பனிஸ், ஆண், வயது நாற்பத்து மூன்று:
படிவத்தில் அவ்வளவுதான்.
அவர் குணமாகி வேலைக்குப் போயிருப்பார்.
காய்ச்சல் மட்டும் என்னிடம்,
சுண்டுவிரல் நீளக் குழாயில், எண் ஒட்டி.

அதற்கு மூச்சில்லை. வாயில்லை.
காத்திருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது,
காத்திருக்கவும் உயிர் வேண்டும்.
ஒரு செல்லைத் தொட்ட பிறகுதான்
அதற்குக் காலமே தொடங்குகிறது.
உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி
வீட்டுக்காரியின் அடுப்பில்
வீட்டுக்காரியின் அரிசியில்
தன்னையே சமைத்துச் சமைத்து அடுக்குகிறது.

பாடப் புத்தகத்தில் அந்த வீட்டுக்காரிக்கு
ஓம்புயிர் என்று பெயர்.
விருந்தோம்பலில் வருகிற அதே ஓம்பு.
பெயர் வைத்தவர்
ஐந்தாம் நாள் குடுவையைப்
பார்த்திருக்க மாட்டார்.

போன மாதம் நீண்ட வார இறுதி. ஹிதாயாவின் முறை.
செவ்வாய் காலை கதவைத் திறந்தேன்.
எல்லாம் எலுமிச்சை மஞ்சள்.
செல்கள் உரிந்து தூசாக மிதந்தன.
வைரஸ் போட்ட குடுவை எது, போடாதது எது,
லேபிளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.
இரண்டிலும் பட்டினிச் சாவு.

திட்டத்தான் ஃபோனை எடுத்தேன்.
சாங்கி மருத்துவமனையில் இருந்தாள்.
டெங்கி, நான்காம் நாள்.
எங்கள் ஆய்வகத்திலிருந்து போனதல்ல,
பாசிர் ரிஸில் அவள் புளோக்கின் படியோரம்
யாரோ மறந்துபோன பூந்தொட்டித் தட்டு.

இங்கே சோறில்லாமல் அது முடிந்துபோன அதே நாட்களில்
அங்கே அவள்
ஒரு கரண்டிக் கஞ்சி இறங்காமல் படுத்து
அதற்குப் பந்தி வைத்திருக்கிறாள்.

தட்டணு முப்பத்தோராயிரம் என்றாள்.
கொஞ்ச நேரம் ஃபோனில் மின்விசிறிச் சத்தம்.
பிறகு, தண்ணீர் கேட்கிற குரலில்:
"குடுவைக்கெல்லாம் யாராவது தீனி போட்டீங்களா?"

போட்டாச்சு என்றேன்,
நைட்ரஜன் தொட்டியிலிருந்து எடுத்த
புதுக் குழாயொன்றைக்
கையுறைக்குள் பொத்தி
என் சூட்டில் உருக்கிக்கொண்டே.