ஈரக்கழிவு

கோத்தகிரிக்குக் கீழே, நெடுஞ்சோலை எஸ்டேட்.
ஆலைச் சங்கு ஊதிப் பதினேழு மாதம்.
நான் வசூலுக்கு வந்தவள்.
பையில் ஜப்தி ஆணை, கோந்து டப்பா,
முத்திரை வைக்க அரக்கு, நமுத்த தீப்பெட்டி.

எதை ஜப்தி செய்ய?
இலை வாட்டும் தொட்டியில் ஆட்டுப் புழுக்கை.
ரோலர் இரண்டில் ஒன்று வாடகைக்கு வந்ததாம்.
ஜீப் முதலாளியின் மைத்துனி பேரில்.
வங்கியில் ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு ரூபாய்,
அதிலும் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று
அபராதம் போய்க்கொண்டிருந்தது.

கூலியில் பிடித்தது ஒரு பங்கு.
முதலாளி சேர்க்க வேண்டியது நான்கு பங்குக்கு மேல்.
ஐந்தும் சேர்ந்து எங்கள் அலுவலகம் வந்திருந்தால்
சங்கு நின்ற மாதம்
பாதிக் கூலியாவது இந்த லயத்துக்கு ஏறியிருக்கும்.
ஒன்பது வருடம் பிடித்தார்கள்.
ஒரு பங்கும் மலை இறங்கவில்லை.

விசாரணையில் அவர்கள் வக்கீல் சொன்னது
கோப்பின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறது:
'பயனாளி யாரென்றே தெரியாதபோது
பாக்கி யாருக்கு?'
ஆதாரம், அவர்களே எழுதிய மஸ்டர் ரோல்.
'பெண்கள் 62.'
அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

எடைக் கொட்டகையில் கதிராயி நின்றிருந்தாள்.
பிஸ்கட் டின்னில் சம்பளச் சீட்டுகள்,
கற்பூர வாசனையோடு.
"வேல போனா காசு வரும்னாங்க.
போயி கேட்டா, வேல பாத்த நாளு
ஒண்ணுகூட பதிவில்லங்கிறாங்க.
அம்புட்டு நாளும் எங்கம்மா போச்சு?"

என்னிடம் அதற்கு ஒரு படிவம் உண்டு.
எடுக்கவில்லை.

"எலை நனைஞ்சிருக்குன்னு
மூட்டைக்கு மூணு கிலோ ஈரக்கழிவு.
வெயில் நாள்லயும்தான்.
அதுமாதிரியா இது?"
அதுமாதிரிதான் என்று சொல்ல
அரசு ஊழியருக்கு அனுமதியில்லை.

பேர் சொல்லுங்கள் என்றேன்.

செவனம்மாள். ஞானதீபம்.
மேல் லயத்துப் பரிபூரணம்.
மாதி, அவள் மகள் மாதி, எனவே சின்ன மாதி.
கண்டியில் பிறந்து கப்பலில் வந்த வள்ளிக்கண்ணு,
சீட்டில் அவளை வெறும் 'வள்ளி' என்று எழுதியிருந்தார்கள்,
அதற்காக ஒரு சண்டை.
திருப்பூர் போய்விட்டவர்கள் ஒன்பது பேர்,
போனில், ஸ்பீக்கரில்,
தையல் மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திச் சொன்னார்கள்.
காட்டெருமை முட்டிச் செத்த இருளாயியைச்
சேர்க்கலாமா என்றார்கள்.
முதலில் எழுதினேன்.

அறுபத்தொன்று வந்தது.
அறுபத்திரண்டாவது ஆள் யாரென்று
கொட்டகை இருட்டும்வரை யோசித்தது.
கணக்கப்பிள்ளை சும்மா ஒன்று கூட்டியிருப்பான் என்றாள் செவனம்மாள்.
இல்லை, ஒருத்தி இருந்தாள்,
மஞ்சள் தலைத்துண்டு,
ஒரே ஒரு மார்ச் மாதம், என்றாள் ஞானதீபம்.
அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நோட்டீஸ் ஒட்டவில்லை.
மஞ்சு இறங்கிய சுவரில்
கோந்து கண்ணீர்போல வழிந்தது
(கண்ணீர்போல இல்லை, கோந்துபோலத்தான்).
மூன்றாம் முறை தாள் சரிந்தபோது
கதிராயி வீட்டுக்குப் போய்
ரேஷன் கோதுமை மாவைக் காய்ச்சிக்
குண்டானோடு வந்தாள்.
உள்ளங்கையால் நாலு மூலையும் அறைந்தாள்.
"வெயில் அடிச்சா பிடிச்சிக்கும்."
எப்போது அடிக்கும் என்று கேட்டேன்.
சிரித்தாள்.

கடைசி பஸ். கொண்டையூசி வளைவுகளில்
காது அடைத்துத் திறந்தது.
விரலெல்லாம் மாவு.
பாக்கித் தொகைத் தாளும் பெயர்த் தாளும்
ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.
நகத்தால் ஒரு ஓரம் நெம்பிப் பார்த்தேன்.
மேட்டுப்பாளையம் வந்துவிட்டது.
அப்படியே கோப்பில் வைத்தேன்.