சைஸ் 42, வலது கால் ரிஜெக்ட்

முன்னால் ஒரு வெட்டு, குதிகாலில் ஒரு வெட்டு.
ஏழு மாதமாக இந்த பூட்ஸுக்கு
நாலாவது லைனில் தையல் போடுகிறேன்.
வெட்டு எதற்கென்று சூப்பர்வைசரைக் கேட்டால்
‘பாரின்காரனுக்கு அப்படித்தான் பிடிக்கும்’ என்றார்.

சாம்பிள் ரூம் ஜபருல்லாதான் சொன்னான்:
உறைந்த அருவியில் ஏறுகிறவர்களுக்கு இது.
அருவி உறையுமா?
உறையும். அதில்
ஆணி அடித்த காலண்டர் மாதிரி
ஆள் ஒட்டிக்கொண்டு நிற்பான்.
வெட்டில் மாட்டுவது பன்னிரண்டு இரும்புப் பல்.
பையர் மாதிரிக்கென்று விட்டுப்போன ஒரு ஜோடியும்
இரண்டு கோடரியும்
அவன் மேசைக்கடியில் கிடந்தன,
டிபன் பைக்குப் பின்னால்.

ராணிப்பேட்டையில் தைக் குளிர் என்பது
கம்பெனி பஸ்ஸில் ஆறு மணிக்கு
காதைச் சுற்றிய துப்பட்டாவை
எட்டு மணிக்கு அவிழ்த்துப் பையில் வைப்பது.
அவ்வளவுதான்.
ஆனால் மேல்விஷாரத்தில் ஐஸ் பேக்டரி இருக்கிறது.
ரோஸ்லினின் சித்தப்பா அற்புதராஜ் அங்கே ஆபரேட்டர்.

பொங்கல் கழிந்த ஞாயிறு.
மீன் வண்டி சாயங்காலம்தான் வரும்.
ஐஸ் பார்களைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்,
என் உயரத்துக்கு இரண்டரை மடங்கு.
உத்தரத்தில் கப்பி, கப்பியில் கயிறு,
ஒரு முனை என் இடுப்பில்,
மறு முனை ரோஸ்லின் இடுப்பில்.
அவள் நாற்பத்து நாலு கிலோ.
என் எடையை இங்கே சொல்லப்போவதில்லை.

பூட்ஸ் நாற்பத்திரண்டு. என் கால் முப்பத்தாறு.
மிச்ச இடத்தில் லைனிங் துணி திணித்தேன்.
வலது பூட்ஸில் ஒரு தையல் தாவியிருந்தது.
யார் போட்டதோ.
நூலின் முறுக்கைப் பார்த்தால்
நான் போட்டதாகவும் இருக்கலாம்.

முதல் உதை: பல் வழுக்கி முழங்கால் மோதியது.
இரண்டாவது: தூள் பறந்து வாயில் விழ
உப்பு. மூக்கில் அம்மோனியா.
மூன்றாவது உதைக்கு
‘பாத்துமா, ஒடைஞ்ச பார் அரை வெலைக்குத்தான் போவும்’
என்றார் அற்புதராஜ்.
ஜபருல்லா போனைப் பார்த்துப் படித்தான்:
‘குதிகாலைத் தூக்காதே, எழில்.’

தூக்கத்தான் தோன்றும்.
எட்டு மணிநேரம் பெடல் மிதிக்கிற கால்
அழுத்து அழுத்து என்கிறது.
பிறகு ஊசியை நினைத்தேன்.
ஊசி அழுத்துவதில்லை. இறங்குகிறது.
இறங்கிய இடத்தில் சந்தேகப்படுவதில்லை.

நின்றேன்.
இரண்டு பல்லில், முழு ஆளாக.
முகத்துக்கு நேரே ஐஸின் நடுவில்
ஒரு வெள்ளை நரம்பு ஓடியது,
அதற்குள் சின்னச் சின்னக் குமிழி,
யாரோ பேச வாயெடுத்து
அப்படியே விட்ட மாதிரி.

ஐந்தாவது பாரில் இரண்டு காலும் விட்டது.
நான் இறங்க, ரோஸ்லின் ஏறினாள்.
பாதி வழியில் முகத்துக்கு முகம் சந்தித்தோம்.
‘எங்கடி போற?’ என்றாள்.
சிரித்த சிரிப்பில் இரண்டு பேரும் ஆடினோம்
ராட்டினம் மாதிரி,
அற்புதராஜ் ஓடிவந்து அவள் காலைப் பிடிக்கும்வரை.

அடுத்த தடவை அவர் கயிற்றைப் பிடித்தார்.
மேலே போய்க் கூரையைத் தொட்டேன்.
தகரம் சுட்டது.
காலுக்குக் கீழே பனிமலை,
உள்ளங்கையில் பதினொரு மணி வேலூர் வெயில்.
கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

இறங்கியதும் வலது பூட்ஸைக் கழற்றிப் பார்த்தேன்.
தாவிய தையலுக்குப் பக்கத்தில்
இன்னொன்று தளர்ந்திருந்தது.
ஜபருல்லாவிடம் காட்டவில்லை.

திங்கட்கிழமை நூற்று நாற்பது ஜோடி டார்கெட்.
நூற்று இருபத்தாறோடு நின்றேன்.
‘என்ன, ஒடம்பு சரியில்லியா?’ என்றார் சூப்பர்வைசர்.
ஆமாம் என்றேன்.

சொல்ல மறந்தேன்.
ஞாயிறு சாயங்காலம் வந்த கட்லா வியாபாரி
நான் உதைத்த பாரைத்தான் முதலில் எடுத்தார்.
சுத்தியலால் ஒரே ஒரு தட்டு.
என் ஓட்டைகள் வழியாகவே
கோடு போட்டமாதிரி பிளந்தது.
‘இன்னிக்கி ஐஸ் நல்லா ஒடையுது’ என்று
இன்னும் இரண்டு பார் கேட்டார்.