நான்காம் எண் அறை

சீசன் தொடங்குமுன் ஒவ்வோர் அறையிலும்
ஓரிரவு காசு கொடுத்தவள்போல் படுத்துப் பார்ப்பாள் ராக்ன்ஹில்ட்.
பெர்கன் நகரில் அன்றும் மழை.

நான்காம் எண் அறையில்
விளக்கை அணைக்கக் கதவுவரை நடந்தாள்.
திரும்பும் இருட்டில்
கட்டில்கால் இடித்துச் சுண்டுவிரல் வீங்கியது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தான்.
சுவிட்ச் தலையணைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது.
ஈரக்கோட்டுக்கு ஒரு கொக்கி,
கீழே சொட்டு வாங்கத் தகரத் தட்டு.
மூக்குக்கண்ணாடிக்கென்று ஒரு சாண் பலகை.
கடிகாரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போனாள்:
அது சத்தம்போட்டு யோசிக்கிறது.

மே மாதம் ஒருவர் மூன்று நாள் தங்கினார்.
தட்டை, கொக்கியை, பலகையை
அவர் பார்த்ததாகவே தெரியவில்லை,
கை போன இடத்தில் எல்லாம் இருந்தது.
பதிவேட்டில் ஒரே வரி:
"மழை ரொம்ப அதிகம்."

இரண்டு முறை படித்தாள்.
மறுநாள் வாசலில்
பெரிய குடைகள் நான்கு நின்றன.